இதயம் தானே துடிக்கும், மூச்சு தானே வராது

கட்டுவிரியன் கடித்து, நேரம் தப்பி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த ஒருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்க்கும் உறவினர்களுக்குப் பாதி நம்பிக்கை போய்விடும். இமை திறக்காது. விரல் அசையாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் இல்லை. மார்பு ஏறி இறங்குகிறதே என்றால், அதுவும் வென்டிலேட்டர் காற்றைத் தள்ளுவதால்தான். தலைமாட்டுத் திரையில் ஓடும் கோடு மட்டும் ஒழுங்காகத் துள்ளிக்கொண்டிருக்கும். அந்த இதயத்தை எந்த இயந்திரமும் இயக்கவில்லை.

பாம்பின் நஞ்சு அவருடைய மூளையை அழிக்கவில்லை. நரம்பு முனையிலிருந்து தசைக்குப் போக வேண்டிய செய்தியைத்தான் அது வழியில் மறித்துவிட்டது. மூச்சை இழுக்கும் உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள தசைகளும் அந்தச் செய்தி வராமல் அசைவதில்லை. இதயத்துக்கோ அப்படி ஒரு செய்தி தேவையே இல்லை. விஷமுறிவு மருந்து ஏற்றி, நரம்பு முனைகள் மீளும்வரை சில நாட்கள் இயந்திரத்தால் மூச்சு கொடுத்துக் காப்பாற்றிவிட்டால், பிணம் போலக் கிடந்தவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார். இந்தியாவில் அந்த மருந்தைத் தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பங்கு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது.

ஒரே நெஞ்சுக்கூட்டில் அக்கம்பக்கமாக இருந்து, ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்யும் இரண்டு உறுப்புகள் இதயமும் நுரையீரலும். நாளொன்றுக்கு இதயம் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. நுரையீரல் ஏறத்தாழ இருபதாயிரம் முறை விரிந்து சுருங்குகிறது. ஆனால் இரண்டையும் ஆள்வது ஒரே அரசு அல்ல. இதயத்துக்குச் சொந்த ராஜ்ஜியம் உண்டு. மூளை அதற்கு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். மூச்சுக்கு மூளையின் உத்தரவு ஒவ்வொரு முறையும் வந்தாக வேண்டும். இந்த வேறுபாடு பாடப் புத்தகத்தோடு நிற்பதல்ல. கிணற்றடியிலும் கழிவுநீர்த் தொட்டியின் வாயிலிலும் உயிர் போவதும் பிழைப்பதும் இதைப் பொறுத்திருக்கிறது.

இதயத்தின் சொந்த அரசன் எங்கே குடியிருக்கிறான் என்பது 1906 கோடையில் தெரியவந்தது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருந்த தன் கிராமத்து வீட்டில், உடற்கூறியலாளர் ஆர்தர் கீத்தும் மருத்துவ மாணவர் மார்ட்டின் ஃபிளாக்கும் பல்வேறு விலங்குகளின் இதயங்களை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆராய்ந்து வந்தார்கள். ஒருநாள் கீத் மனைவியோடு சைக்கிளில் வெளியே போய்த் திரும்பியபோது ஃபிளாக் பரபரப்போடு காத்திருந்தார். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் அகழெலியின் இதயத்தில், வலது மேலறையின் சுவரில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், சுற்றியுள்ள தசையைப் போலில்லாத ஒரு சிறு திசுக்கொத்து இருந்தது. பிறகு பார்த்த பாலூட்டி இதயங்களிலும் அது இருந்தது. 1907இல் அவர்கள் அதை அறிவித்தார்கள். இன்று சைனஸ் கணு என்று அழைக்கப்படுவது அதுதான்.

அந்தச் செல்கள் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள, மழை விட்டபின் ஓட்டுக்கூரையின் விளிம்பைப் பார்த்தால் போதும். ஓட்டின் நுனியில் நீர் திரள்கிறது, கனம் தாங்காமல் சொட்டுகிறது, உடனே அடுத்த துளி திரளத் தொடங்குகிறது. யாரும் தாளம் போடவில்லை. ஆனாலும் தாளம் இருக்கிறது. சைனஸ் கணுவின் செல்லுக்குள் நீருக்குப் பதிலாக மின்னூட்டம் கசிகிறது. சோடியம் அயனிகள் மெல்ல உள்ளே வர, மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போய் ஓர் எல்லையைத் தொட்டதும் கால்சியம் வாயில்கள் திறந்து மின்துடிப்பு எழுகிறது. பிறகு பழைய நிலைக்கு இறங்கி, மறுபடி கசிவு. மற்ற செல்கள் ஓய்வுக்குத் திரும்பும் வேளையில்தான் இந்தக் கசிவுக்கான வாயில் திறக்கிறது. 1979இல் இதை விவரித்த டாரியோ டிஃபிரான்செஸ்கோ, ஹிலரி பிரவுன், சூசன் நோபிள் குழுவினருக்கு அது அவ்வளவு விசித்திரமாகப் பட்டதால் அதற்கு ‘வேடிக்கை மின்னோட்டம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கத் தரப்படும் ஐவாபிராடின் மாத்திரை அந்த வாயிலைத்தான் அடைக்கிறது.

அந்த அரசன் ஓய்ந்துபோனால்? ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன் என்பவர், நோயினால் இதயத்தின் மின்வழி பழுதாகி, நாளுக்குப் பலமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். 1958இல் ஆகே சென்னிங் என்ற அறுவை மருத்துவர், ரூனே எல்ம்கவிஸ்ட் என்ற பொறியாளர் செய்து தந்த பேஸ்மேக்கரை அவர் உடலுக்குள் பொருத்தினார். உலகிலேயே உடலுக்குள் வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர். அது சில மணி நேரம்தான் உழைத்தது. லார்சனோ அதற்குப் பிறகு 43 ஆண்டுகள் வாழ்ந்து, 26 கருவிகளை மாற்றி, தன்னைக் காப்பாற்றிய மருத்துவரும் பொறியாளரும் மறைந்த பிறகு 2001இல், 86ஆவது வயதில் காலமானார்.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. சைனஸ் கணுவை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். சும்மா உட்கார்ந்திருப்பவரின் நாடியோ 70 சொச்சம்தான். மீதி எங்கே போனது? மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து கிளம்பி, கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பு இரவும் பகலும் பிரேக்கை மிதித்தபடியே இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்ததும் துடிப்பு கூடுவதற்கு முதல் காரணம், யாரோ ஆக்சிலேட்டரை அழுத்தியது அல்ல. பிரேக்கிலிருந்து கால் எடுக்கப்பட்டதுதான். சப்பணமிட்டுச் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று எழும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து உடனே தெளிகிறதே, அந்த இரண்டு மூன்று நொடிகளில் கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள உணர்விகள் இரத்த அழுத்தம் இறங்கியதை முகுளத்துக்குச் சொல்லி, பிரேக் தளர்த்தப்பட்டு, இரத்தக் குழாய்கள் இறுக்கப்பட்டுவிடுகின்றன.

பிரேக் இல்லாத இதயம் எப்படியிருக்கும் என்பதை மாற்று இதயம் பெற்றவர்களிடம் பார்க்கலாம். 1967 டிசம்பரில் கேப்டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் தொடங்கிவைத்த அந்தச் சிகிச்சையை, 1994 ஆகஸ்டில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பி. வேணுகோபால் இந்தியாவில் முதன்முறையாக வெற்றிகரமாகச் செய்தார். சென்னையில் காவல்துறை சிக்னல்களை நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு வழிவிடும் காட்சியைப் பலர் பார்த்திருப்பார்கள். உள்ளே பனிக்கட்டிகளுக்கு நடுவே நிறுத்திவைக்கப்பட்ட ஓர் இதயம் இருக்கும். ஏறத்தாழ 4 மணி நேரத்துக்குள் அது இன்னொரு மார்புக்குள் போய்ச் சேர வேண்டும். குழாய்களைத் தைத்து வெதுவெதுப்பான இரத்தத்தைப் பாய்ச்சியதும் அது மறுபடி துடிக்கிறது, சில நேரம் தானாகவே, சில நேரம் ஒரு மின்னதிர்ச்சிக்குப் பிறகு. நரம்புகளை யாரும் தைப்பதில்லை. அதனால் அந்த இதயம் ஓய்விலும் நிமிடத்துக்கு 90, 100 என்றே ஓடும். அவர் படியேறினால் உடனே வேகம் எடுக்காது. இரத்தத்தில் அட்ரினலின் கூடி வந்து சேர்ந்த பிறகுதான் எடுக்கும். நடைப்பயிற்சியை மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்கும்படி மருத்துவர்கள் அவர்களிடம் சொல்வது இதனால்தான்.

வேகஸ் நரம்பு பிரேக் போடுகிறது என்பதை ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் 1845லேயே காட்டிவிட்டார்கள். எப்படிப் போடுகிறது என்பதற்கு விடை ஒரு கனவில் வந்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருந்த ஓட்டோ லோவி ஒருநாள் நள்ளிரவில் விழித்து, ஒரு சோதனை முறையைத் தாளில் கிறுக்கிவிட்டுத் தூங்கிப்போனார். காலையில் அவர் எழுத்து அவருக்கே புரியவில்லை. மறுநாள் இரவு அதே யோசனை மறுபடி வந்தது. இம்முறை தாளை நம்பாமல் எழுந்து நேரே ஆய்வகத்துக்குப் போனார். இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தளர்த்தினார். அதைச் சூழ்ந்திருந்த நீர்மத்தை எடுத்து இரண்டாவது இதயத்தின்மேல் விட்டார். எந்த நரம்பும் தொடாத அந்த இரண்டாவது இதயமும் தளர்ந்தது. 1921இல் வெளியான இந்த முடிவு, நரம்பு வேதிப்பொருளால் பேசுகிறது என்பதற்கு முதல் திடமான சான்று. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். 1936இல் ஹென்றி டேலோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்ற லோவியை, இரண்டே ஆண்டுகளில் நாஜிகள் சிறையில் அடைத்து, பரிசுப் பணத்தையும் பறித்துக்கொண்ட பிறகுதான் நாட்டைவிட்டுப் போக அனுமதித்தார்கள்.

இங்கே கட்டுவிரியனிடம் ஒருமுறை திரும்ப வேண்டும். இதயத்தில் ‘மெதுவாக’ என்று சொல்லும் அதே அசிட்டைல்கோலின்தான் உதரவிதானத்தில் ‘சுருங்கு’ என்று சொல்கிறது. கட்டுவிரியன் நஞ்சு அது நரம்பு முனையிலிருந்து வெளிவராமல் செய்கிறது. வயலுக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து இதற்கு நேர்மாறு: வெளிவந்த அசிட்டைல்கோலினைச் சிதையவிடாமல் குவிய வைக்கிறது. இதயம் தளர்கிறது, நுரையீரலுக்குள் சுரப்பு பெருகி மூச்சு முட்டுகிறது. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் அட்ரோபின் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவது அந்தக் குவியலின் குரலை அடக்கத்தான்.

மூச்சின் கதை வேறு. மூளையின் மற்ற பகுதிகளை நீக்கினாலும் விலங்கு மூச்சுவிடுகிறது, முகுளத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் நின்றுவிடுகிறது என்று பிரான்ஸில் லெகலுவா முயல்களில் கண்டது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அந்த இடத்தைத் துல்லியமாகக் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மன் குழுவினர், 1991இல். பிறந்த எலிக்குட்டியின் மூளைத்தண்டிலிருந்து சீவியெடுத்த ஒரு மெல்லிய துண்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் நீர்மத்துக்குள் கிடந்தபடியே மூச்சின் தாளத்தை எழுப்பிக்கொண்டிருந்தது. இழுக்க நுரையீரல் இல்லை. தாளம் மட்டும் இருந்தது. சில ஆயிரம் நரம்பணுக்களே கொண்ட அந்தக் கொத்துக்கு முன்-போட்சிங்கர் தொகுதி என்று பெயர். ஜெர்மனியில் நடந்த ஒரு கருத்தரங்கின் விருந்து மேசையில் இருந்த போட்சிங்கர் ஒயின் பாட்டிலிலிருந்து பிறந்த பெயர் அது.

அதே கொத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. தமிழில் பெருமூச்சு என்றாலே துக்கம்தான் நினைவுக்கு வரும். உண்மையில் மகிழ்ச்சியாக இருப்பவரும் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை பெருமூச்சு விடுகிறார், கவனிப்பதில்லை, அவ்வளவுதான். நுரையீரலின் கோடிக்கணக்கான காற்றுப்பைகளில் சில அவ்வப்போது ஒட்டி மூடிக்கொள்ளும். அவற்றை ஊதித் திறக்க ஒரு பெரிய மூச்சு வேண்டும். அதற்கான உத்தரவு எந்த நரம்பணுக்களிலிருந்து வருகிறது என்று எலிகளில் கண்டறிந்து 2016இல் வெளியிட்டவர்களில் ஃபெல்ட்மனும் ஒருவர்.

இதயத்தைப் போல அல்லாமல், மூச்சுக்கு இரண்டாவது ஓட்டுநரும் இருக்கிறார். பேசும்போதும் பாடும்போதும் நாகஸ்வரக் கலைஞர் ஒரு சங்கதியை நீட்டி வாசிக்கும்போதும் பெருமூளை மூச்சின் கடிவாளத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறது. இதயத்தை ‘ஒரு நிமிடம் நில்’ என்று யாராலும் நிறுத்த முடியாது; மூச்சை நிறுத்தலாம். ஆனால் சிறிது நேரத்தில் முகுளம் கடிவாளத்தைப் பிடுங்கிக்கொள்ளும். தம் கட்டிப் பார்த்த எவருக்கும் அந்தப் பிடுங்கல் தெரியும். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று உடல் கதறுவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். அது தவறு.

இந்தத் தவறைத் திருத்தியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். சுரங்க விபத்துகளில் தொழிலாளர்கள் எப்படி இறக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். நச்சுவாயுவை முன்கூட்டியே அறிய சுரங்கத்துக்குள் கேனரிக் குருவிகளைக் கொண்டுபோகச் சொன்னவர். காற்றுப் புகாத பெட்டிக்குள் தானே அடைந்து உட்கார்ந்து சோதித்துக்கொண்டவர். 1905இல் அவரும் பிரீஸ்ட்லி என்பவரும் கண்டது இது: நுரையீரலின் காற்றுப்பைகளில் கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.2 சதவீதம் கூடினாலே மூச்சின் அளவு இரட்டிப்பாகிறது. ஆக்சிஜனோ வெகுவாகக் குறையும்வரை மூச்சு பெரிதாக மாறுவதில்லை. வெளிக்காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 13 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டியிருந்தது. கார்பன் டை ஆக்சைடு இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதாக நுழைந்து அங்கே அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. முகுளத்தின் உணர்விகள் அந்தப் புளிப்பைத்தான் அளக்கின்றன. உடலின் முதல் அபாய மணி, வெளியே போக வேண்டிய புகைக்காகக் கட்டப்பட்டது.

ஆக்சிஜனுக்கென்று காவலாளி இல்லாமல் இல்லை. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, அரிசிமணி அளவில் கரோட்டிட் உறுப்பு உட்கார்ந்திருக்கிறது. அது மூச்சைத் தூண்டும் விதத்தைக் காட்டியதற்காகப் பெல்ஜியத்தின் கார்னே ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இந்தக் காவலாளி தாமதமாகத்தான் உரக்கக் கத்துவான். இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 90 சதவீதத்துக்கு அருகே இறங்கிய பிறகே அவன் குரல் ஓங்கும்.

2021 ஏப்ரல், மே மாதங்களில் இது தமிழ்நாட்டு வீடுகளுக்குள்ளேயே நடந்தது. விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் 80 என்று காட்ட, நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். கருவி கெட்டுவிட்டது என்று பல குடும்பங்கள் நினைத்தன. கொரோனா தொற்றிய நுரையீரலில் ஆக்சிஜன் ஏறுவது தடைபட்டது. அதைவிடப் பல மடங்கு எளிதாகக் கசியும் கார்பன் டை ஆக்சைடோ வெளியேறிக்கொண்டே இருந்தது. அதனால் முதல் மணி அடிக்கவில்லை. மூச்சு முட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வீட்டிலேயே காத்திருந்து இழந்த உயிர்கள் உண்டு. அந்தச் சிறு கருவியின் அடிப்படையை 1970களில் கண்டறிந்த ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி, உலகமே அதை விரலில் மாட்டத் தொடங்கிய 2020 ஏப்ரலில்தான் மறைந்தார்.

மூச்சுத் திணறலுக்கு மூன்றாவதாக ஒரு மணியும் உண்டு. அதைக் கண்டவர் இந்தியர் என்பதைப் பள்ளிப் பாடத்தில் சொல்ல வேண்டும். பர்மாவில் பிறந்து லக்னோவில் மருத்துவம் படித்த அவ்தார் சிங் பைன்டால், நுரையீரலின் நுண்குழாய்களை ஒட்டி இருக்கும் ‘ஜே’ உணர்விகளை 1950களில் இனங்கண்டார். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோக்கும்போது அவை விழித்துக்கொண்டு, மூச்சை வேகமாகவும் மேலோட்டமாகவும் ஆக்குகின்றன. இதய நோயாளி படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று எழுந்து உட்காருவதில் அவற்றுக்கும் பங்குண்டு.

இனி கிணற்றடிக்கு வருவோம். தண்ணீருக்குள் யார் அதிக நேரம் இருப்பது என்று பந்தயம் கட்டும் பிள்ளைகள், குதிக்கும் முன் பத்து இருபது முறை வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவார்கள். ஆக்சிஜனைச் சேமிப்பதாக எண்ணம். சாதாரண நிலையிலேயே இரத்தம் 97, 98 சதவீதம் நிரம்பியிருக்கிறது. அதற்குமேல் சேமிக்க இடமில்லை. அந்த வேக மூச்சால் வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு மட்டுமே. அதாவது, அபாய மணியின் நாக்கைக் கட்டிவிட்டு இறங்குகிறார்கள். முட்டல் வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, எந்த அறிகுறியும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி மூழ்கிப்போகிறார்கள்.

மூழ்கியவரைக் கரைசேர்த்ததும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதில் பொன்னான நிமிடங்கள் வீணாகின்றன. இங்கே முதலில் நின்றது மூச்சு. இதயம் தன் சொந்த பலத்தில் இன்னும் சில நிமிடங்கள் துடித்துக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதே முதல் வேலை. அப்படியும் அசைவில்லாவிட்டால் நடுமார்பில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். நடுநடுவே மூச்சும் தொடர வேண்டும்.

பாழுங்கிணறும் மூடிக் கிடந்த கழிவுநீர்த் தொட்டியும் இன்னும் கொடியவை. அங்கே ஆக்சிஜன் மிகக் குறைந்திருந்தால், உள்ளே விடும் ஒவ்வொரு மூச்சும் இரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனையும் வெளியே உறிஞ்சிவிடும். கார்பன் டை ஆக்சைடு மூச்சோடு வெளியேறிக்கொண்டே இருப்பதால் திணறலும் தெரியாது. சில நொடிகளில் கால் துவளும். தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் முதலில் வரும். வாயு அடர்ந்ததும் மூக்கு மரத்து அந்த நாற்றமும் மறைந்துவிடும், முகுளத்தின் மூச்சு மையமும் முடங்கிவிடும். உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்கும் தம்பியும், அவரைத் தூக்க இறங்கும் பக்கத்து வீட்டுக்காரரும் அடுத்தடுத்து விழுவது இப்படித்தான். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது. அப்படியிருந்தும் இறக்குகிறார்கள், இறக்கப்படுபவர்கள் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

உங்கள் தெருவில் யாராவது தொட்டியின் மூடியைத் திறந்து ஆளை இறக்கப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள். ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் பின்னாலேயே இறங்காதீர்கள். தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108.